அரேக்குள் அரே: கீ இருக்கிறதா இல்லையா என்று பிஎச்பி குழப்பும்போது

மலேசியாவில் மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ், பினாங்கு லிட்டில் இந்தியா என்று எங்கே பார்த்தாலும் மளிகைக்கடை, துணிக்கடை, பூசைப் பொருள் கடையெல்லாம் இப்போது வலைத்தளத்தில் ஆர்டர் எடுக்கின்றன. பின்னால் ஓடுவது பெரும்பாலும் பிஎச்பி என்ற நிரல் மொழி. அப்படிப்பட்ட தளங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. அதில் ஓயாமல் வரும் பழுது ஒன்று உண்டு. ஆர்டருக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, அதற்குள் அஞ்சல் குறியீடு என்று இறங்கும் தரவில் ஏதோ ஓர் அடுக்கில் கீ (மதிப்பைத் தேடி எடுக்க உதவும் பெயர்) இருக்காது. அல்லது இருந்தும் கோட் அதை இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய வருபவர்கள் முதலில் எச்சரிக்கையின் வாயை அடைக்கத்தான் பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கீ இல்லை, கீ இருக்கிறது ஆனால் மதிப்பு நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி), கீ இருக்க வேண்டிய இடமே அரே (கீயும் மதிப்புமாக அடுக்கிய தொகுப்பு) இல்லை: இவை மூன்றும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தமிழ் மாறிப் பெயரையும் தமிழ் கீயையும் பிஎச்பி அப்படியே ஏற்கும். இஸ்செட், இஃப் போன்ற கட்டளைகளை மட்டும் உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

அரேயை முழுதாகக் கொட்டிப் பாருங்கள். பிரிண்ட்_ஆர் வேண்டாம். நல், ஃபால்ஸ், வெற்றுச் சரம் மூன்றையும் அது ஒரே மாதிரி வெறுமையாகக் காட்டும். நாம் தேடுவதே அந்த வித்தியாசத்தைத்தான். வார்_டம்ப் மதிப்பின் வகையையும் சரத்தின் நீளத்தையும் சேர்த்துக் காட்டும். அந்த நீளம் பின்னால் மிகவும் உதவும்.

நேரடித் தளத்தில் திரையில் கொட்டாதீர்கள். வாடிக்கையாளரின் முகவரியும் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கும். லாக்கில் எழுதுங்கள், வேலை முடிந்ததும் அந்த வரிகளை அழித்துவிடுங்கள். வார்_டம்ப் திரைக்கே எழுதும், ஆகவே லாக்குக்கு வார்_எக்ஸ்போர்ட். நல், ஃபால்ஸ், வெற்றுச் சரத்தை அதுவும் பிரித்துக் காட்டும்:

எரர்_லாக்(வார்_எக்ஸ்போர்ட்($ஆர்டர், ட்ரூ));

அறிகுறி: «அன்டிஃபைன்ட் அரே கீ» என்று எச்சரிக்கை வருகிறது

பிஎச்பி 7 வரை இது «அன்டிஃபைன்ட் இண்டெக்ஸ்» என்று வெறும் நோட்டீஸாக வந்தது. 2020 நவம்பரில் வெளியான 8.0 அதை வார்னிங்காக உயர்த்தியது. ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரை மேம்படுத்திய மறுநாள் லாக் நிரம்பி வழிந்தால் மேம்பாடு எதையும் கெடுக்கவில்லை. பழைய குறை இப்போதுதான் கண்ணில் படுகிறது.

முதலில் எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலக் கீயில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. காசில்லாத சோதனை இது. பாதிப் பழுது இங்கேயே தீரும்.

எழுத்து சரி என்றால், அந்தக் கீ கட்டாயம் வர வேண்டியதா, வந்தால் வரட்டும் என்பதா? கடையில் நேரில் வந்து எடுப்பவருக்கு முகவரி இருக்காது. அது விருப்பக் கீ. இடப்பக்கம் இல்லாவிட்டால் வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும் ??, 2015இல் பிஎச்பி 7.0 கொண்டுவந்தது, அதற்கென்றே இருக்கிறது:

$தெரு = $ஆர்டர்['வாடிக்கையாளர்']['முகவரி']['தெரு'] ?? '';

நடுவில் எந்த அடுக்கு இல்லாவிட்டாலும் இது சத்தமில்லாமல் வெற்றுச் சரத்தைத் தரும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி இஸ்செட் எழுத வேண்டியதில்லை.

கட்டாயக் கீ என்றால், உதாரணமாக மொத்தத் தொகை, அங்கே ?? போடவே கூடாது. தொகை இல்லாத ஆர்டர் பூஜ்ய ரிங்கிட் ஆர்டராகப் பதிவாகிவிடும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர்தான் தவிப்பார். கீ இல்லையென்றால் ஆர்டரை நிறுத்தி, லாக்கில் எழுதி, கடைக்காரருக்குத் தெரிவியுங்கள். வரியின் முன்னால் @ போட்டு எச்சரிக்கையை மறைப்பது எந்த நிலையிலும் வேண்டாம்.

அறிகுறி: ?? போட்டிருக்கிறேன், ஆனாலும் எச்சரிக்கை வருகிறது

ஏறக்குறைய எப்போதும் காரணம் ஒன்றுதான்: அடைப்புக்குறி இல்லை.

$மொத்தம் = $பொருள்விலை + $ஆர்டர்['டெலிவரி']['கட்டணம்'] ?? 0;

கூட்டல், சரம் ஒட்டும் புள்ளி, ஒப்பீடு எல்லாம் ??-க்கு முன்னால் நடக்கும். ஆகவே இது «கூட்டி முடித்துவிட்டு, வந்த விடை நல் என்றால் பூஜ்யம்» என்று ஆகிறது. கீ இல்லாதபோது கூட்டலிலேயே எச்சரிக்கை வந்துவிடும். விடை தற்செயலாகச் சரியாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ($ஆர்டர்['டெலிவரி']['கட்டணம்'] ?? 0) என்று அடைப்புக்குள் வையுங்கள்.

அறிகுறி: எச்சரிக்கை எதுவும் இல்லை, ஆனால் பணம் கட்டாத ஆர்டரும் அனுப்பப்படுகிறது

மேலே சொன்ன அதே குறைதான். ஆனால் இங்கே அது உண்மையான பணத்தைத் தின்கிறது, அதனால் தனித் தலைப்பு.

இஃப் ($ஆர்டர்['கட்டணம்']['நிலை'] ?? '' === 'முடிந்தது')

படிக்கும் கண்ணுக்கு இது சரி. பிஎச்பி இதை எடுத்துக்கொள்வது இப்படி: $ஆர்டர்['கட்டணம்']['நிலை'] ?? ('' === 'முடிந்தது'). நிலை 'நிலுவை' என்று இருந்தால் அந்தச் சொல்லே விடையாக வரும். '0' தவிர, காலியில்லாத சரம் இஃப்புக்கு உண்மை. 'தோல்வி' என்று வந்தாலும் உண்மை. நிலை என்ற கீயே இல்லாதபோது, அல்லது அதன் மதிப்பு நல்லாகவோ காலியாகவோ இருக்கும்போது மட்டும் பொய் ஆகும். சோதனையில் நாம் வழக்கமாகப் பார்ப்பது கட்டிய ஆர்டரையும் கீ இல்லாத ஆர்டரையும்தான். இரண்டும் சரியாக நடக்கும். தீபாவளி நெருக்கத்தில் வங்கிப் பரிமாற்றம் பாதியில் நின்ற ஆர்டர்களுக்கும் முறுக்கு டின் கிளம்பிப் போகும்.

சரியான வடிவம்:

இஃப் (($ஆர்டர்['கட்டணம்']['நிலை'] ?? '') === 'முடிந்தது')

சரிசெய்த பின் நிலுவை, தோல்வி இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதனை ஆர்டர் போட்டுப் பாருங்கள். இந்தக் குறை உங்கள் தளத்தில் இருந்திருந்தால், அனுப்பிய ஆர்டர்களைக் கட்டணச் சேவையின் அறிக்கையோடு வரிசையாக ஒப்பிட வேண்டும். ஆர்டர் நிறைய என்றால் அதைக் கணக்காளரிடம் கொடுப்பதுதான் நல்லது.

அறிகுறி: «டைப் நல்» மேல் அரே ஆஃப்செட் தேடுகிறாய் என்று எச்சரிக்கை

7.4இலிருந்து வரும் செய்தி இது. நீங்கள் கேட்ட கீயில் குறையில்லை. அதற்கு மேலே ஏதோ ஓர் அடுக்கு நல். உச்சியிலிருந்து ஒவ்வோர் அடுக்காக வார்_டம்ப் செய்து இறங்குங்கள். முதலில் நல் தட்டுப்படும் இடத்தில் நில்லுங்கள்.

உச்சியே நல் என்றால், ஜேசன் வடிவ உரையைப் பிஎச்பி தரவாக மாற்றும் ஜேசன்_டிகோடு தோற்றிருக்கிறது. தோற்றால் அது நல் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். பிறகு ?? போட்ட எல்லா இடத்திலும் வெற்று மதிப்பு வந்து, வெற்று ஆர்டர் ஒன்று தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும். பிஎச்பி 7.3இல் வந்த ஜேசன்_த்ரோ_ஆன்_எரர் கொடியைப் போட்டுவிட்டால் அந்த இடத்திலேயே நின்று காரணம் சொல்லும். வந்த மூல உரையையும் லாக்கில் பாருங்கள். காலியாக இருக்கலாம், ஜேசனே இல்லாமல் படிவத் தரவாக இருக்கலாம், முன்னால் பிஓஎம் என்ற, கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒட்டியிருக்கலாம்.

இதே வகையில் இன்னொன்று. அரே_கீ_எக்ஸிஸ்ட்ஸ்('தெரு', $ஆர்டர்['முகவரி']) என்று எழுதி, முகவரியே வராவிட்டால், பிஎச்பி 8 டைப் எரர் எறிந்து பக்கத்தையே நிறுத்தும். இஸ்செட்டும் ??-உம் நடு அடுக்கு இல்லாததைப் பொறுத்துக்கொள்ளும், அரே_கீ_எக்ஸிஸ்ட்ஸ் பொறுக்காது.

அறிகுறி: கீ இருக்கிறது, ஆனால் இஸ்செட் இல்லை என்கிறது

மதிப்பு நல். இஸ்செட் கேட்பது «இருக்கிறதா, நல் இல்லாமலும் இருக்கிறதா» என்ற இரட்டைக் கேள்வி.

இது நம் ஊரில் அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டில் செய்த படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஏ/எல், ஏ/பி (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) போட்டு அப்பா பெயர்தான். வாடிக்கையாளர் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுவார், படிவம் குடும்பப் பெயரை நல் என்று அனுப்பும். இஸ்செட் வைத்துச் சரிபார்க்கும் கோட் «தகவல் முழுமையில்லை» என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடும். அவர் தகவல் முழுமையாகத்தான் இருக்கிறது. கீ வந்ததா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மேல் அடுக்கு அரேதான் என்று உறுதி செய்துவிட்டு அரே_கீ_எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள். குடும்பப் பெயரைக் கட்டாயமில்லை என்று மாற்றினால் இன்னும் நல்லது.

இஸ்செட்டுக்குப் பதில் எம்ப்டி போட்டிருந்தால் வேறு தொல்லை. பூஜ்யம், '0' இரண்டையும் அது காலி என்று சொல்லும். இலவச டெலிவரிக்குக் கட்டணம் 0 என்று வந்தால் «கட்டணம் குறிப்பிடவில்லை» என்று ஆகும். எண் வரக்கூடிய இடத்தில் எம்ப்டி வேண்டாம்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரிகிறது, கோட் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது

கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம் இது.

முதலில் வார்_டம்ப் காட்டும் கீயை நகலெடுத்து அதன் நீளத்தை எஸ்டிஆர்லென் கொண்டு பாருங்கள். எக்செலிலிருந்து வந்த சிஎஸ்வி என்றால் முதல் பத்தியின் தலைப்பில் மட்டும் பிஓஎம் ஒட்டியிருக்கும். மற்றப் பத்தியெல்லாம் வேலை செய்து முதல் பத்தி மட்டும் அடம்பிடித்தால் அதுதான். தலைப்பின் வாலில் இடைவெளி ஒட்டியிருப்பதும் சகஜம், ட்ரிம் போதும்.

கீ தமிழில் இருந்தால் இன்னொரு காரணம். 'கொத்தமல்லி' என்ற சொல்லில் கொகரத்தின் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ொ என்று ஒரே குறியாக, அல்லது ெ, ா என்று இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றேதான். யுடிஎஃப்-8இல் முதலாவது 30 பைட், இரண்டாவது 33 பைட். கடைக்காரர் கைப்பேசியில் அடித்ததும் நீங்கள் கணினியில் அடித்ததும் இப்படி மாறியிருந்தால் பிஎச்பிக்கு அவை இரண்டு வெவ்வேறு கீ. இன்ட்ல் நீட்சியில் உள்ள நார்மலைசர் வகுப்பைக் கொண்டு, தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே எல்லாச் சரத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நீட்சியின் பெயர் ஆங்கிலத்தில் ஐஎன்டிஎல் என்ற நான்கு எழுத்து. சில மலிவு ஹோஸ்டிங்கில் அதை நாம்தான் இயக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்தது அஞ்சல் குறியீடு. டெலிவரிக் கட்டண அட்டவணையில் பிரிக்ஃபீல்ட்ஸ் 50470 கிடைக்கிறது, அலோர்ஸ்டார் 05000 கிடைக்கவில்லை, கங்கார் 01000 கிடைக்கவில்லை. கெடாவும் பெர்லிஸும் மட்டும் விட்டுப்போனால் காரணம் முன்னால் உள்ள பூஜ்யம். '50470' என்ற சரத்தைக் கீயாகக் கொடுத்தால் பிஎச்பி தானாக அதை எண்ணாக்கிவிடும். '05000' பூஜ்யத்தில் தொடங்குவதால் சரமாகவே நிற்கும். எங்காவது ஓரிடத்தில் குறியீட்டை இன்ட் ஆக மாற்றியிருந்தால், அல்லது எக்செல் பூஜ்யத்தைத் தின்றிருந்தால், தேடுவது 5000. அட்டவணையில் இருப்பது '05000'. மேற்கோள் இல்லாமல் 05000 என்று கோட்டில் எழுதினால் அது எட்டடிமான எண்ணாகி 2560 ஆகிவிடும். சுங்கைப் பட்டாணியின் 08000 அப்படிக்கூட ஆகாது. எட்டடிமானத்தில் 8 கிடையாது என்பதால் கோப்பே ஓடாது.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு கட்டண அட்டவணைகளை அரே_மெர்ஜ் கொண்டு சேர்த்த பிறகு கெடா நன்றாக இருக்கிறது, கோலாலம்பூரும் பினாங்கும் மொத்தமாகக் காணவில்லை. அரே_மெர்ஜ் எண் கீயை 0, 1, 2 என்று புதிதாக அடுக்கிவிடும். சரக் கீயைத் தொடாது. அரே_ரிப்ளேஸ் பயன்படுத்துங்கள். நான் அஞ்சல் குறியீட்டுக் கீக்கு முன்னால் 'பி' என்று ஓர் எழுத்தைச் சேர்த்து 'பி05000', 'பி50470' என்றே வைத்துவிடுகிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் இந்தப் பழுது திரும்புவதில்லை.

அறிகுறி: «எஸ்டிடிகிளாஸை அரேயாகப் பயன்படுத்த முடியாது» என்று பக்கம் நின்றுவிடுகிறது

ஜேசன்_டிகோடுக்கு இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுக்கவில்லை. கொடுங்கள், முடிந்தது. இஸ்செட்டோ ??-ஓ இதிலிருந்து காப்பாற்றாது. அவையும் இதே பிழையில்தான் நிற்கும்.

அறிகுறி: முகவரிக்குப் பதில் ஒரே எழுத்து வருகிறது, அல்லது ஒரு பொருள் உள்ள ஆர்டர் மட்டும் உடைகிறது

அரே இருக்க வேண்டிய இடத்தில் சரம் இருக்கிறது. $முகவரி = 'Jalan' போல ஒரு சரமானால் $முகவரி[0] அதன் முதல் பைட்டைத் தரும், இஸ்செட்($முகவரி[0]) உண்மை என்றும் சொல்லும். தமிழ்ச் சரமானால் ஓர் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட் என்பதால் கருப்புக் கட்டத்தில் கேள்விக்குறி தெரியும். அதைக் கண்டால் இந்தத் தலைப்புக்கு வாருங்கள்.

ஒரு பொருள் ஆர்டர் உடைவது பெரும்பாலும் எக்ஸ்எம்எல்லிலிருந்து மாற்றிய தரவில். இரண்டு பொருள் இருந்தால் ['பொருள்'][0], ['பொருள்'][1] என்று பட்டியலாக வரும். ஒன்றே இருந்தால் பட்டியல் மறைந்து ['பொருள்']['விலை'] என்று நேராக வரும். உள்ளே வந்ததும் சரிபார்த்து உறையிடுங்கள், அரே_இஸ்_லிஸ்ட் 8.1இலிருந்து இருக்கிறது:

இஃப் (!அரே_இஸ்_லிஸ்ட்($பொருள்கள்)) $பொருள்கள் = [$பொருள்கள்];

அறிகுறி: யாரும் வைக்காத கீ, நல் மதிப்போடு முளைத்திருக்கிறது

கோட்டில் & குறியைத் தேடுங்கள். $குறி = &$ஆர்டர்['தள்ளுபடி']['கூப்பன்'] என்று எழுதினால், இல்லாத கீகளையும் பிஎச்பி அந்த இடத்திலேயே உருவாக்கி நல் வைத்துவிடும். வெறுமனே படிப்பதால் கீ உருவாகாது. & தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள்; பெரும்பாலும் தேவையிருக்காது.

ஆழம் அதிகமாகி, கீப் பாதை மாறிக்கொண்டே இருந்தால்

2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸுக்கு (மின்னணு பில்) பிறகு இந்த வேலை கூடிவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் கேட்கும் ஜேசன், மின்பில்லுக்கான யூபிஎல் 2.1 என்ற தர வடிவம். அதில் ஒற்றை மதிப்புகூட ஒரு பட்டியலுக்குள், அடிக்கோடு என்ற கீக்குள் இருக்கும். பில் எண் வேண்டுமானால் ['இன்வாய்ஸ்'][0]['ஐடி'][0]['_'] என்று இறங்க வேண்டும். நடுவில் ஒரு [0] விட்டுப்போனால் ??  சத்தமில்லாமல் வெற்றுச் சரம் தரும். இப்படிப்பட்ட இடத்தில் பாதையைப் பட்டியலாகக் கொடுத்துச் சோதிக்கும் சின்ன ஃபங்ஷன் கைகொடுக்கும்:

ஃபங்ஷன் பாதை_உண்டா($தரவு, $பாதை) {
  ஃபோர்ஈச் ($பாதை ஆஸ் $கீ) {
    இஃப் (!இஸ்_அரே($தரவு) || !அரே_கீ_எக்ஸிஸ்ட்ஸ்($கீ, $தரவு)) ரிட்டர்ன் ஃபால்ஸ்;
    $தரவு = $தரவு[$கீ];
  }
  ரிட்டர்ன் ட்ரூ;
}

நல் மதிப்பையும் இது «இருக்கிறது» என்றே சொல்லும், சரத்துக்குள் இறங்காது. ஃபால்ஸ் தரும் வரியில் $கீயை லாக்கில் எழுதினால் எந்த அடுக்கில் உடைந்தது என்பதும் தெரிந்துவிடும். லாரவெல் என்ற பிஎச்பி சட்டகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இதே வேலைக்கு ஏஆர்ஆர் ஹேஸ் இருக்கிறது, ஆனால் அது புள்ளியை வைத்துப் பாதையைப் பிரிக்கும். உள் அடுக்கில் மின்னஞ்சல் முகவரியையே கீயாக வைத்திருந்தால் அதில் உள்ள புள்ளியிலும் உடைத்துவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

கட்டணச் சேவை அனுப்பும் தரவின் வடிவம் முன்னறிவிப்பில்லாமல் மாறினால் நீங்களே ஊகித்து ஒட்டுப்போடாதீர்கள். அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள். வெற்று மதிப்போடு பதிவான ஆர்டர்கள் தரவுத்தளத்தில் சேர்ந்துவிட்டால் அவற்றைத் திருத்தும் முன் பேக்கப் எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். தவறான தொகையுடன் இ-இன்வாய்ஸ் போய்விட்டால் அது முதலில் கணக்காளரின் வேலை, கோட் பிறகுதான். பிஎச்பி 5 காலத்துத் தளத்தை 8க்குக் கொண்டுபோவதை எச்சரிக்கை ஒவ்வொன்றாகத் தட்டிச் செய்ய முடியாது. அனுபவமுள்ளவரிடம் முழு வேலையாகக் கொடுங்கள்.

கூப்பிடும்போது மூன்றைக் கையில் வைத்திருங்கள்: பிஎச்பி பதிப்பு எண், எச்சரிக்கையின் முழு வரி, பெயரும் எண்ணும் மறைத்த மூலத் தரவில் நன்றாக ஓடிய ஆர்டர் ஒன்றும் உடைந்த ஆர்டர் ஒன்றும். அந்த இரண்டு ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.